பன்னிரண்டு வொல்னே, பன்னிரண்டு பொம்மார்

இப்பத்தைய சனம் வைன் கிளாஸைப் பிடிக்கிற பிடியைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன மாதம் பியர்ஃபித் என்கிற புறநகரில் ஒரு பிறந்தநாள் விழா. மண்டபம் நிறைய எங்கள் ஆட்கள். முந்தியென்றால் மேசையில் விஸ்கி இருக்கும், கோலா இருக்கும், குடிக்கிறவன் குடிப்பான், விழுகிறவன் விழுவான். இப்போது எல்லாருக்கும் வைன் வேண்டும். காப்புறுதிக் கந்தோரில் வேலை செய்கிற பிரசாந்தன் என்ற பெடியன் கிளாஸின் காலைப் பிடித்து மூன்று சுற்றுச் சுற்றி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "இதிலை சுண்ணாம்புக்கல்லு மணக்குது, அங்கிள்" என்றான். சுண்ணாம்பு மணக்க வேண்டுமென்றால் வெற்றிலை போடடா என்று சொல்லிவிட்டு நான் சாப்பாட்டுப் பக்கம் போய்விட்டேன்.

பின்னால் சிரித்தார்கள். கிழவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்திருப்பார்கள். இங்கே ஸ்டாலின்கிராட் மெத்ரோவடியில், கால்வாய்க்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் இருபத்திரண்டு வருடம் கோப்பை கழுவினவன் நான். வைன் குடித்ததில்லை, மனைவிக்குச் செய்த சத்தியம். ஆனால் குடித்துவிட்டு வைத்த கிளாஸ் எத்தனை ஆயிரம் கழுவியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. இந்த ஊர் வைன் பட்டுப் போல, அந்த ஊர் வைன் இரும்பு போல, இன்னொரு ஊர் வைனில் புகை மணக்கும், ஈர மண் மணக்கும் என்று அவர்கள் கதைப்பதையெல்லாம் கேட்டிருக்கிறேன். போத்தல்களின் அடியில் மிஞ்சினதை நாங்கள் ஒரே வாளியில் ஊற்றி, இறைச்சி அவிக்கக் குசினிக்குக் கொடுப்போம். அந்த இறைச்சியைத் தின்றுவிட்டு அதே ஆட்கள் ஆகா ஓகோ என்பார்கள். எல்லா ஊரும் ஒரு வாளிக்குள் கிடந்ததை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது, இது வாய் வேலை என்று.

2013 ஓகஸ்ட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

நான் 2011 இல் ஓய்வூதியம் எடுத்தேன். எங்கள் ஆட்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கோப்பை கழுவுகிறவன் வேலையை விட்டுப் போகும்போது இடத்தைச் சும்மா விட்டுவிட்டுப் போகமாட்டான். தன் ஆளைக் கொண்டுவந்து பத்ரோனுக்கு, அதுதான் முதலாளிக்கு, முன்னால் நிறுத்தி, "இவனுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுத்தான் போவான். நான் நிறுத்தினது கலைமாறனை. புதுக்குடியிருப்புப் பெடியன். சண்டை முடிந்து எப்படியோ தப்பி வந்தவன். மனைவி வசந்தரூபியும் பிள்ளையும் வவுனியாவில். அகதி விண்ணப்பம் தள்ளுபடியாகிவிட்டது. வேலையைக் காட்டி விசா எடுக்கிற வழி ஒன்றுதான் மிச்சம். அதற்கு வேலை தருகிறவர் ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். பத்ரோன் மிஸியே பெசோன், விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வந்ததும் வைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். வியாழக்கிழமை விசாக் கொடுக்கிற கந்தோரான பிரிபெக்சரில் கலைமாறனுக்குத் தவணை. அந்தத் தவணைக்கு ஏழு மாதம் காத்திருந்தவன்.

அதற்கு முந்தின சனிக்கிழமை பகல், நான் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான ரூ பெர்தொனேயில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றபோது போன் அடித்தது.

"அண்ணை, ஒருக்கா ரெஸ்ரோரண்டுக்கு வாறியளே? ஒரு பிழை நடந்து போச்சுது."

"என்னடா பிழை?"

"போனிலை சொல்லேலாது அண்ணை."

நான் வீட்டுக்குப் போய்ச் சப்பாத்தை மாற்றினபோது மனைவி இந்திராதேவி கேட்டாள், எங்கே வெளிக்கிடுகிறீர்கள் என்று. சொன்னேன்.

"இடம் குடுத்தியள், சரி. இனிச் சாகுமட்டும் அந்த ஆளையும் தோளிலை தூக்கிக்கொண்டு திரியுங்கோ" என்றாள். அவள் அப்படித்தான் சொல்லுவாள். பிறகு, "என்ன பிழையாம்? கையை கிய்யை வெட்டிப் போட்டானோ?" என்று வாசல்வரை வந்தாள்.

கையை வெட்டியிருந்தால் பரவாயில்லை என்று நான் நினைக்கும்படி இருந்தது அங்கே போய்ப் பார்த்தது.

மிஸியே பெசோன் வைன் வைக்கிற நிலவறைக்கு என்னிடம் ஒருநாளும் சாவி தந்ததில்லை. இருபத்திரண்டு வருடத்தில் நான் பெட்டி தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் இறங்கியிருக்கிறேன், அவ்வளவுதான். கலைமாறனுக்கு இந்தமுறை சாவிக்கொத்து முழுவதையும் கொடுத்திருக்கிறார். மின்சார மீற்றர் பார்க்க ஆள் வருமாம், அது நிலவறைக்குள்தான் இருக்கிறதாம். போகும்போது, "எல்லாவற்றையும் துப்புரவாக்கி வை" என்றும் சொல்லியிருக்கிறார். கலைமாறன் கையில் நிலவறைச் சாவியும் இருந்தது, எல்லாவற்றையும் என்று கட்டளையும் இருந்தது. கையெழுத்து வைக்கப் போகிற மனிதரைச் சந்தோசப்படுத்த வேண்டுமென்று இவனுக்கு ஆசை.

கீழே இறங்கி லைற்றைப் போட்டேன். எனக்கு வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

தூசியாலும் சிலந்தி வலையாலும் கறுத்துக் கிடந்த அறை ஆஸ்பத்திரிபோல வெள்ளையாக இருந்தது. போத்தல் அடுக்குகிற இறாக்கைகள் தேய்த்துக் கழுவப்பட்டிருந்தன. ஒவ்வொரு தட்டுக்கும் மேலே பத்ரோன் சோக்கால் எழுதி வைத்திருந்த பெயரெல்லாம் துடைத்துப் போட்டாயிற்று. போத்தல்கள் கல்யாண வீட்டுக் குத்துவிளக்குபோல மினுங்கின. கிட்டப் போனால் ஒரு மணம். கோதுமை மாப் பசை.

"லேபலைக் கழட்டினனியோ?"

"நான் கழட்டேல்லை அண்ணை. அது தானாக் கழண்டது."

நடந்தது இதுதான். இறைச்சிச் சட்டி அடிப்பிடித்தால் நாங்கள் தேய்க்கமாட்டோம், இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிடுவோம். காலையில் அழுக்குத் தானாக விடும். அது எங்கள் தொழில் முறை. நான்தான் அதை அவனுக்குக் காட்டிக்கொடுத்தேன். இவன் போத்தல்களையும் அப்படியே பெட்டி பெட்டியாக ஆறு தொட்டியில் ஊறவிட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறான். காலையில் வந்து பார்த்தால் லேபலெல்லாம் மேலே மிதக்கிறது. குழாய் அடைத்துவிடும் என்று பயந்து ஆறு தொட்டித் தண்ணீரையும் ஒரே வடியில் வடித்திருக்கிறான். ஐம்பத்திரண்டு லேபலும் ஒன்றாகிவிட்டது. பிறகு பயம் பிடித்து, வன்னியில் நோட்டீஸ் ஒட்டின பழக்கத்தில் கோதுமை மாவைக் காய்ச்சி, எல்லாவற்றையும் திரும்ப ஒட்டி வைத்திருக்கிறான்.

"எதுக்கு எது எண்டு எப்பிடித் தெரிஞ்சது உனக்கு?"

"தெரியாது அண்ணை. கோட்டைப் படம் போட்டது வடிவா இருந்தது. அதைப் பெரிய போத்தலுக்கு ஒட்டினனான்."

நான் கதிரையைத் தேடினேன். அங்கே கதிரை இல்லை. படியில் இருந்துவிட்டேன்.

எனக்குப் பிரெஞ்சு பெரிதாக வாசிக்கத் தெரியாது. ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் வெறும் போத்தலை இருபத்திரண்டு வருடம் குப்பைக்குக் கொண்டுபோய்ப் போட்டவனுக்குப் போத்தல் தெரியும். போர்தோ வைன் வருகிற போத்தலுக்கு நேரான தோள் இருக்கும், நிமிர்ந்து நிற்கிற பொலிஸ்காரன் மாதிரி. பூர்கோஞ் போத்தலுக்குத் தோள் சரிந்திருக்கும். அதற்குத் தெற்கே உள்ள பொஜொலே, ரோன் பக்கத்து வைனும் சரிந்த தோளில்தான் வரும். பத்ரோனின் கோட்டைப் படம் போட்ட போர்தோ லேபல்கள் சரிந்த தோளில் பல்லை இளித்துக்கொண்டு நின்றன. எங்கள் ஆட்களில் ஒருவன் வேட்டிக்கு மேல் கழுத்துப் பட்டி கட்டினது போல.

"வசந்தரூபியிட்டை வியாழக்கிழமை எண்டு சொல்லிப்போட்டன் அண்ணை" என்றான் கலைமாறன். "பிள்ளை கலண்டரிலை வட்டம் போட்டு வைச்சிருக்காம்."

"வாயை மூடு. போத்தல் பெட்டிக்குப் பெட்டி கலந்ததோ?"

"இல்லை. ஒரு பெட்டி ஒரு தட்டு. அது சத்தியம். ஆனால் எந்தப் பெட்டி எந்தத் தட்டிலை இருந்தது எண்டுதான் தெரியாது. உயரத்தைப் பாத்து அடுக்கினனான்."

அது போதும் எனக்கு. பசையை ஈரத்துணியால் நனைத்து எல்லா லேபலையும் திரும்பக் கழற்றினோம். மேலே குசினி மேசையில் பரப்பி, ஒரே மாதிரி எழுத்துள்ளதை ஒன்றாக வைத்து எண்ணினேன். சந்த்-எமிலியோன் எட்டு, போயாக் ஆறு. இரண்டும் போர்தோ. தோள் உள்ள போத்தல் ஒரு தட்டில் எட்டு, இன்னொரு தட்டில் ஆறு. பொருந்திவிட்டது. மொர்கோன் என்கிற பொஜொலே ஒன்பது, கோத்-ரோத்தி என்கிற ரோன் ஐந்து. சரிந்த தோளில் ஒன்பதும் ஐந்தும் இருந்தன. கலைமாறன் என்னைச் சாமியைப் பார்க்கிறதுபோலப் பார்த்தான். நாக்கும் மூக்கும் எதற்கு, எண்ணத் தெரிந்தால் போதாதா என்று எனக்கும் ஒரு பெருமை.

மிச்சம் இரண்டு தட்டு. இரண்டும் பூர்கோஞ். லேபலை எண்ணினேன். வொல்னே பன்னிரண்டு. பொம்மார் பன்னிரண்டு.

திரும்ப எண்ணினேன். பன்னிரண்டு, பன்னிரண்டு. இரண்டும் ஒரே வருடம், 2005. போத்தல் ஒரே நிறம், ஒரே உயரம். மூடியும் ஒரே சிவப்பு. தட்டுக்கு ஒன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தோம். இரண்டும் ஒரே சிவப்புத் தண்ணீர்.

"தக்கையிலை பேர் இருக்கும் எல்லே அண்ணை?"

"பெரிய ஆக்களின்ரை தக்கையிலை இருக்கும். உவை சின்னத் தோட்டக்காரர். இந்த ரெண்டு பேரின்ரை தக்கையும் எனக்குத் தெரியும், ரெண்டிலையும் 'தோட்டத்திலேயே அடைச்சது' எண்டு மட்டும்தான் கிடக்கும்."

"அப்ப?"

"அப்ப என்ன, ஏதோ ஒண்டுக்கு ஏதோ ஒண்டை ஒட்டு. வொல்னேயும் பொம்மாரும் பக்கத்துப் பக்கத்து ஊர். நடுவிலை ஒரு மதில்தானாம். பத்ரோனே சொன்னவர். சுன்னாகத்துக் கத்தரிக்காயையும் மருதனாமடத்துக் கத்தரிக்காயையும் சமைச்சு வைச்சால் பிரிச்சுச் சொல்லுவியோ நீ?"

அவன் ஒரு போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "கள்ளு மரத்துக்கு மரம் வேறை எல்லோ அண்ணை" என்றான்.

"உனக்குக் கள்ளைப் பற்றி ஆர் கேட்டது? ஒட்டடா."

ஒட்டினோம். லேபல் சுருங்கித்தான் இருந்தது. தண்ணீர்க் குழாய் வெடித்து ஒழுகிவிட்டது, போத்தல் நனைந்துவிட்டது, அதனால் துடைத்தோம் என்று சொல்லுவதாகப் பேசி வைத்தோம். நானே சொல்லுகிறேன், நீ வாயைத் திறக்காதே என்று கலைமாறனுக்கு மூன்றுதரம் சொன்னேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மிஸியே பெசோன் வெயிலில் கறுத்துச் சிரித்துக்கொண்டு வந்தார். என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்தார். "ராஜா! நீ ஓய்வு எடுத்தவன், இங்கே என்ன?" என்றார். இராஜதுரை என்ற பெயர் அவர் வாயில் அவ்வளவுதான் நுழையும். சும்மா வந்தேன் என்றேன். அவர் நிலவறைக்கு இறங்கினார். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் இறங்கினோம்.

லைற் எரிந்தது. அவர் அசையவில்லை. முகத்தில் இருந்த வெயில் நிறம் அப்படியே வடிந்து போனது. நான் வேலை செய்த காலம் முழுவதும் அந்த மனிதர் அப்படி வெளிறி ஒருநாளும் பார்த்ததில்லை, அவருடைய தாய் செத்த அன்றுகூட.

"தூசி எங்கே?" என்றார்.

அழுக்கைக் காணவில்லை என்று அழுகிற மனிதரை நான் அன்றுதான் கண்டேன். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு குழாய்க் கதையைத் தொடங்கினேன். இரண்டு வசனம் சொல்லியிருப்பேன். பின்னால் இருந்து கலைமாறன் தன்னுடைய பிரெஞ்சில், "நான். கழுவினேன். பேப்பர் விழுந்தது. நான் திரும்ப ஒட்டினேன். பிழை" என்றான்.

எனக்கு அவனை அங்கேயே ஒரு அறை விட வேண்டும்போல இருந்தது. பொய் சொல்ல நான் ஒருவன் முன்வந்து நிற்கும்போது, விசா வேண்டியவன் உண்மை சொல்லுகிறான்!

பத்ரோன் திரும்பினார். லேபலைப் பற்றிக் கேட்கவில்லை. பெயர் துடைத்ததைப் பற்றிக் கேட்கவில்லை. "சுடுதண்ணீரா, பச்சைத் தண்ணீரா?" என்று கேட்டார்.

"பச்சைத் தண்ணி" என்றான் இவன். விடுமுறைக்குப் போகும்போது பத்ரோனே சுடுதண்ணீர் இயந்திரத்தை நிற்பாட்டிவிட்டுப் போயிருந்தார். அது அவருக்கும் நினைவு வந்தது. மூச்சை விட்டார். வைன் கெட்டிருக்காது என்றார்.

பிறகு நான் எண்ணின கணக்கைச் சொன்னேன். எட்டு, ஆறு, ஒன்பது, ஐந்து. அவர் கண்ணை மூடித் தன் ஞாபகத்தில் உள்ளதோடு ஒத்துப் பார்த்து, ஓம், ஓம் என்று தலையாட்டினார். கடைசி இரண்டு தட்டுக்கு வந்தபோது நான் நிற்பாட்டினேன். அவருக்கு விளங்கிவிட்டது.

"இந்த இரண்டையும் எப்படிப் பிரித்தாய்?"

"பிரிக்கேல்லை" என்றேன். மறைக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

அவர் படியில் இருந்தார், நான் சனிக்கிழமை இருந்த அதே படியில். "வொல்னே என்று சொல்லிப் பொம்மாரை விற்றால் நான் கள்ளன்" என்றார். "பெயரில்லாமல் விற்க இது தெருக்கடை இல்லை. இந்த இருபத்துநான்கு போத்தலும் இந்த நிலவறையின் நெஞ்சு. எட்டு வருடம் படுக்க வைத்திருந்தேன்." பிறகு கலைமாறனைக் காட்டினார். "பிரிக்க முடியாவிட்டால், ராஜா, இவனை என் இடத்தில் வைத்திருக்க என் மனம் விடாது. ஒவ்வொரு நாளும் இவன் முகத்தைப் பார்க்க முடியாது. உன்னிடம் மறைக்கவில்லை."

கலைமாறனுக்கு முழுக்க விளங்கவில்லை. "என்னவாம் அண்ணை?" என்றான். பிறகு சொல்கிறேன் என்றேன்.

பத்ரோன் எழும்பினார். அந்த இரண்டு தட்டிலும் ஒவ்வொரு போத்தலைத் திறந்து குடித்துப் பார்க்கப் போகிறேன் என்றார். "நீ குசினியில் ஊற்றிக் கொண்டு வா. எது எந்தத் தட்டு என்று நான் பார்க்கக்கூடாது. கண் பார்த்தால் நாக்கு பொய் சொல்லும்."

இரண்டு போத்தலையும் எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். கலைமாறன் வாசலில் நின்றான். அப்போது எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது. இருபத்திரண்டு வருடம் கேட்ட பட்டுக் கதையும் இரும்புக் கதையும் ஒன்றாக மண்டைக்குள் ஏறின. ஒரே ஒரு போத்தலைத் திறந்தேன். இரண்டு கிளாஸிலும் அதையே ஊற்றினேன்.

"அண்ணை!" என்றான் கலைமாறன், மூச்சை உள்ளே இழுத்தபடி. "என்ன செய்யிறியள்?"

"பொறு. இண்டைக்குத் தெரியும் இவையின்ரை வண்டவாளம்."

கிளாஸ்களைத் தட்டில் வைத்துக்கொண்டு நடந்தேன். குசினிக்கும் முன் மேசைக்கும் பதினைந்து எட்டு இருக்கும். பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. அவர் ஒன்றை வொல்னே என்றும் மற்றதைப் பொம்மார் என்றும் சொன்னால், அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நான் காட்டிவிடுவேன். நான் வெல்லுவேன். பிறகு? தெரியாது என்றால் பிரிக்க முடியாது. பிரிக்க முடியாது என்றால் கலைமாறன் தெருவில். பொறுப்பு நிற்கிறேன் என்று கூட்டிவந்த நானே அவன் கழுத்தைப் பிடித்துத் தள்ளினதாக முடியும். திரும்பிப் போகலாமென்றால், பத்ரோன் ஏற்கெனவே சுவரைப் பார்த்தபடி கையை நீட்டிவிட்டார்.

முதல் கிளாஸை எடுத்தார். மூக்கை விட்டார். ஒரு வாய் எடுத்துக் கொப்பளிக்கிறதுபோல வாய்க்குள் உருட்டினார், வாளியில் துப்பினார். இரண்டாவதை எடுத்தார். அதே வேலை. பிறகு முதலாவதுக்குத் திரும்பப் போனார். பிறகு இரண்டாவதுக்கு. நெற்றி சுருங்கியது. நான் கும்பிடாத தெய்வமில்லை. இந்த மனிதருடைய நாக்கில் ஏதாவது இருக்க வேண்டுமே என்று, இருபத்திரண்டு வருடமும் இல்லை என்று சொன்ன நான், நேர்ந்துகொண்டு நின்றேன்.

அவர் கிளாஸ்களைக் கீழே வைத்தார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"ராஜா, இது இரண்டும் ஒன்று."

கலைமாறன் குசினி வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"அவன் கலந்து வைத்தானா, நீ செய்தாயா?"

"நான்தான்" என்றேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது. "இத்தனை வருடம் என்னோடு இருந்தாய்" என்றார் மெதுவாக. "இவ்வளவு காலமும் என்னைப் பொய்யன் என்றா நினைத்தாய்?"

ஓம் என்று சொல்லுவதா இல்லை என்று சொல்லுவதா? அவரே கையை அசைத்து, "போ, மற்றதைத் திற" என்றார்.

மற்றப் போத்தலையும் திறந்து ஊற்றினேன். இந்தமுறை நேர்மையாக. அவருக்கு முழு நேரமும் வேண்டியிருக்கவில்லை. மணந்ததுமே முகம் மாறியது. "இது பொம்மார்" என்றார். "களிமண். இறுகப் பிடிக்கும், இன்னும் பத்து வருடம் படுக்கலாம். முதல் தந்தது வொல்னே. மெல்லிய மண், சுண்ணாம்பு, பூ மணம்." நிலவறைக்குப் போய், நாங்கள் ஒட்டினதைப் பார்த்தார். நாங்கள் தலைகீழாக ஒட்டியிருந்தோம். அவர் சிரித்தார். தூசியைக் காணாத பிறகு அவர் முதல் சிரித்தது அதற்குத்தான்.

பிறகு மேலே வந்து பேனையை எடுத்து, விண்ணப்பத்தின் நான்கு இடத்திலும் கையெழுத்து வைத்தார். கலைமாறனைக் கூப்பிட்டு ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். தூசி. "தூசியைத் தொடாதே" என்று சொல்லவைத்துவிட்டுத்தான் கடதாசியைக் கையில் கொடுத்தார். கலைமாறன் அதை மார்போடு பிடித்துக்கொண்டு அழுதான். நல்லது. அவன் அழ வேண்டியவன்தான்.

பத்ரோன் இரண்டு கிளாஸையும் என் பக்கம் தள்ளினார். "குடிக்காவிட்டால் மணந்தாவது பார்" என்றார். மணந்து பார்த்தேன். ஒன்று புளித்த திராட்சை, ஈரக் கட்டை. மற்றது ஈரக் கட்டை, புளித்த திராட்சை. அவ்வளவுதான்.

"உனக்கு?" என்று கலைமாறனிடம் நீட்டினார். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு வாய் குடித்தான். மற்றதிலும் குடித்தான். திரும்ப முதலாவதில் குடித்தான்.

"அண்ணை" என்றான், வாயைப் பிளந்தபடி. "வேறைதான் அண்ணை! உண்மையா வேறை!"

"கையெழுத்து வைச்ச ஆளுக்கு முன்னாலை வேறை என்னத்தைச் சொல்லுவாய்?"

"இல்லை அண்ணை, முருகன் அறிய. இது மிருதுவாப் போகுது. மற்றது பல்லிலை பிடிக்குது."

பத்ரோனுக்குத் தமிழ் விளங்காது, ஆனால் அவன் பல்லைத் தொட்டுக் காட்டினது விளங்கிவிட்டது. அவனுடைய முதுகில் ஓங்கித் தட்டினார். இருவரும் சிரித்தார்கள், இரண்டு வருடம் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லாதவர்கள். இருபத்திரண்டு வருடம் நின்ற எனக்கு அந்த மேசையில் ஒரு கதிரை இழுத்துப் போட ஆளில்லை. நான் என் தொப்பியை எடுத்தேன்.

கலைமாறன் தெருவரை ஓடிவந்தான். "அண்ணை, கோவமோ? இப்பவாவது நம்புறியளோ?"

"எதை நம்பிறது? ரெண்டு கிளாஸுக்கு ஒரு தக்கைதானே இழுத்தனான். முன் மேசையிலை நிண்ட மனிசனுக்கு ஒரு சத்தம்தானே கேட்டிருக்கும்? ஒரு சத்தமெண்டால் ஒரு போத்தல். இதுக்கு நாக்கு என்னத்துக்கு?"

"நான் வாசலிலை நிண்டனான் அண்ணை. எனக்கே சத்தம் கேக்கேல்லை."

"உனக்குக் காது சரியில்லை."

"அப்ப பொம்மார் எண்டது?"

"ரெண்டிலை ஒண்டு. காசைச் சுண்டினாலும் பாதிக்குப் பாதி சரிவரும். அது பொம்மார்தான் எண்டு உனக்கு ஆர் சொன்னது? அவர் சொன்னவர். அவர் சொன்னது சரி எண்டு ஆர் சொன்னது? அதுவும் அவர்தான்."

அவன் தலையைச் சொறிந்தான். "வியாழக்கிழமை பிரிபெக்சருக்கு நேரத்தோடை போ. மூலப் பிரதியையும் போட்டோக் கொப்பியையும் கொண்டு போ" என்றேன். ஓம் அண்ணை, ஓம் அண்ணை என்றான். உள்ளே இருந்து பத்ரோன் அவனைக் கூப்பிட்டார், மொர்கோனையும் ஒருவாய் பார்க்கட்டாம்.

அவன் உள்ளே ஓடினான். நான் மெத்ரோப் பாலத்துக்குக் கீழால் லா ஷப்பெல் பக்கம் நடந்தேன். களிமண்ணாம், சுண்ணாம்பாம். நடுவில் ஒரு மதிலாம்.